பரிசிலும் வரிசையும்: ஸ்டீமிட் தளத்தின் விதியாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

பரிசில் வழங்குவோர் பெறுவோரின் தகுதியை அறிதல் வேண்டும் என்னும் கருத்து புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. மலையமான் திருமுடிக்காரியை நோக்கிய 121ஆம் பாடலில், பொருளைக் கொடுப்பதைக் காட்டிலும் பெறுவோரின் தரத்தை உணர்வதே கடினம் எனக் கபிலர் எடுத்துரைக்கிறார். பயனர் பதிவுகளுக்குப் பரிசு வழங்கும் இணையச் சமூகங்கள் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. எனினும் அங்குத் தகுதியை அளப்பவர் புரவலர் அல்லர். அப்பணியை விதி மேற்கொள்கிறது. அவ்விதியை வகுக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதை, 2016இல் தொடங்கப்பெற்ற ஸ்டீமிட் தளத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஸ்டீம் என்னும் பிளாக்செயினில் இயங்கிய இத்தளத்தில், புதிதாக உருவாக்கப்படும் நாணயத்தின் ஒரு பகுதி எழுதியோர்க்கும் வாக்களித்தோர்க்கும் பகிரப்பட்டது. ஒருவர் பூட்டிவைத்த நாணய இருப்பே அவரது வாக்கின் வலிமையைத் தீர்மானித்தது. தொடக்கத்தில், ஒரு பதிவு பெற்ற வாக்குவலிமையின் வர்க்கத்திற்கு ஏற்பப் பரிசு அமைந்தது. பத்து மடங்கு வலிமை நூறு மடங்கு பரிசாயிற்று. தனக்குத்தானே வாக்களித்துப் பயன்பெறுவதைத் தடுத்துப் பலரது உடன்பாட்டை ஊக்குவிப்பதே இதன் நோக்கம். ஆயின் பேரிருப்புடைய ஒருவரே பலர்க்கு ஈடானார்.

2017இல் பரிசு நேர்விகிதமாக மாற்றப்பட்டது. சிறு இருப்பினர் வாக்கிற்கு மதிப்புக் கூடியது. உடன், தன்வாக்களிப்பும் வாக்குவிற்பனையும் எளிதாயின. 2019இல் எழுதியோர் பங்கு 75 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எதிர்வாக்கிற்குத் தனி ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. திருத்தங்கள் யாவும் பகிர்வின் வடிவை மாற்றினவேயன்றி, இருப்பே வாக்கு என்னும் அடிப்படையைத் தொடவில்லை.

அவ்வடிப்படையின் விளைவு 2020இல் வெளிப்பட்டது. விதிமாற்றங்களை ஏற்கும் சாட்சியரும் இருப்புவழி வாக்கினாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டனர். பிப்ரவரியில் டிரான் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கியதும், அந்நிறுவனத்தின் பேரிருப்பைச் சாட்சியர் முடக்கினர். மார்ச்சில் சில நாணயச் சந்தைகள் தம்மிடம் வாடிக்கையாளர் வைத்திருந்த நாணயத்தைக் கொண்டு வாக்களித்து அச்சாட்சியரை அகற்றத் துணைநின்றன. பிரிந்து சென்றோர் மார்ச் 20 அன்று ஹைவ் என்னும் புதிய பிளாக்செயினைத் தொடங்கினர். நிறுவனத்தின் இருப்பிற்கும் அதன் தரப்பை ஆதரித்த சில கணக்குகளுக்கும் அதில் நாணயம் வழங்கவில்லை. மே மாதத்தில் ஸ்டீமில், எதிர்த்தரப்பினரின் 2.3 கோடிக்கும் மேற்பட்ட நாணயம் விதிமாற்றம் ஒன்றின் வழி அவர்தம் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. இரு தரப்பும் அறத்தின் பெயரால் பேசின. இரு தரப்பும் விதியை ஆயுதமாக்கின.

ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பது இதற்கு எளிய மாற்றன்று. ஒருவரே நூறு போலிக் கணக்குகளைத் தொடங்கவல்ல வெளியில் இருப்பு ஒரு காப்பாகப் பயன்படுகிறது. ஆகவே இருப்பைக் கருதியதைக் குறையெனக் கொள்வதற்கில்லை. பதிவை மதிப்பிடுதல், அம்மதிப்பீட்டால் பயன்பெறுதல், விதியைத் திருத்துதல் ஆகிய மூன்றையும் அந்த ஓர் இருப்பிடமே ஒப்படைத்ததுதான் குறை. அதியமான் தன்னைக் காணாது அளித்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததாகப் புறநானூற்று 208ஆம் பாடல் காட்டுகிறது. மறுக்கும் உரிமையால் புலவர் தம் தகுதியைக் காத்துக்கொண்டார். ஸ்டீமிட்டில் எழுதியோர்க்கும் வெளியேறும் உரிமை இருந்தது. தம் எழுத்தை அளக்கும் விதியில் சிற்றிருப்புடையோர்க்குச் சொல்லத்தக்க குரல் இருக்கவில்லை. மதிப்பிடுவோரையும் விதி வகுப்போரையும் வேறுபடுத்தாத வரை, பரிசுத்தொகை எவ்வளவு பெருகினும் அங்கு வரிசையறிதல் நிகழாது.