கோணல் ஹாலை ரசிப்பது எப்படி?

மதுக்கரைப் பக்கம் வீட்டு மனையின் வடிவத்தை வீட்டுக்காரர் மட்டும் முடிவு செய்வதில்லை. போத்தனூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் ரயில் பாதை ஊரை ஒரு சாய்வில் கடக்கிறது. சேலம் - கொச்சி நெடுஞ்சாலைக்கு வேறொரு சாய்வு. இடையிடையே கரடும் குன்றும். 1934-ல் தொடங்கிய சிமென்ட் ஆலையும் அதற்குக் கல் தந்த சுண்ணாம்புக் குவாரிகளும் தங்கள் பங்குக்கு ஊரை வளைத்தன. மிச்சமிருந்த காட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தார்கள், பிறகு சைட் போட்டார்கள். கடைசியில் கைக்கு வந்த 3 சென்ட், அதாவது 1,307 சதுர அடி, நான்கு மூலையும் மட்டமாக இருந்தால் அது அதிர்ஷ்டம்.

கோணல் மனையில் ஒரு அடி நிலத்தைக்கூட விட மனம் வராது. எல்லையை ஒட்டியே சுவரை எழுப்புகிறோம். அந்தக் கோணல் அப்படியே ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதோடு ஒரு பில்லர் துருத்தும், மாடிப்படியின் வயிறு தலைக்கு மேலே இறங்கும், தெருக்கதவு, சமையலறைக் கதவு, படுக்கையறைக் கதவு என்று சுவரெல்லாம் வாசலாகிவிடும். இந்த அறைக்குள்தான் சோபா, டிவி, பீரோ, தையல் மிஷின், பிள்ளைகளின் பள்ளிப் பை எல்லாம் அடங்க வேண்டும்.

இப்படிப்பட்ட அறையை நன்றாக அடுக்கி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. போகிற நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. சோபாவின் துணியைத் தொட்டுப் பார்க்கிறோம், விலை கேட்கிறோம், காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அடுத்த முறை கொஞ்சம் வேறு மாதிரி பார்த்துப் பழகலாம்.

முதலில் தரை

உள்ளே போனதும் சாமானைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். இப்போது பெரும்பாலான வீடுகளில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்தான். அது உங்களுக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு. ஒரு மாதிரிக்கு, 13 அடி நீளமுள்ள ஹால் தெருப்பக்கம் 10 அடி, சமையலறைப் பக்கம் 8 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். தெருப்பக்கம் குறுக்கே ஐந்து டைல்ஸ் இருக்கும், உள்பக்கம் நான்கு. ஐந்தாவது வரிசையை டைல்ஸ் போட்டவர் ஆப்பு வடிவத்தில் வெட்டிக்கொண்டே போய் கடைசியில் ஒன்றுமில்லாமல் முடித்திருப்பார். கோணல் எந்தச் சுவரில், எவ்வளவு என்பதை அந்த வெட்டே சொல்லிவிடும்.

அடுத்து, சாமான் மூடாத டைல்ஸ் ஒரே திட்டாக எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு வீடு ஒரே அறையாக இருந்தால் அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அது சுமார் 102 சதுர அடி. அந்த அளவு அறையில் கடைக்காரர் காட்டும் ‘த்ரீ ப்ளஸ் ஒன் ப்ளஸ் ஒன்’ சோபா செட்டைப் போட்டுப் பாருங்கள். பெரிய சோபா 21 சதுர அடி, இரண்டு சின்ன சோபாவும் சேர்ந்து 18, டீப்பாய் 8. பாதித் தரை போய்விட்டது. நன்றாக அடுக்கிய சின்ன அறையில் முழுசாக ஆறு டைல்ஸாவது, நாலடிக்கு ஆறடி, சேர்ந்தாற்போல் திறந்து கிடக்கும். அங்கேதான் பாய் விரியும், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும், கீரை ஆயப்படும், மத்தியானம் அம்மிச்சி கொஞ்சம் சாய்வார். அதே ஆறு டைல்ஸ் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தால் எதற்கும் உதவாது.

விளக்குமாறு எதையும் நகர்த்தாமல் எங்கெல்லாம் போகும் என்றும் ஒரு பார்வை பாருங்கள். அறையைத் தினமும் கூட்டுகிறவர் கையால் அடுக்கிய அறைக்கும், சோபாவைக் காசு கொடுத்து வாங்கியவர் அடுக்கிய அறைக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும்.

கோணலை என்ன செய்திருக்கிறார்கள்?

கோணல் சுவருக்கு முன்னால் இரண்டு வழி உண்டு. ஒன்று மறைப்பது, இன்னொன்று ஒப்புக்கொள்வது. இரண்டுமே அழகுதான், அரைகுறையாகச் செய்தால் மட்டும் கண்ணை உறுத்தும். சோபாவை நேராகப் போட்டு, அதன் முதுகுக்கும் கோணல் சுவருக்கும் நடுவே முக்கோணச் சந்து விட்டு, அதில் பழைய செய்தித்தாளும் பந்தும் விழுந்து கிடந்தால் அது அரைகுறை.

மறைப்பதில் கைதேர்ந்த வேலை, ஆசாரி செய்த ஒல்லி அலமாரி. கதவுகள் எதிர்ச் சுவருக்கு நேராக ஒரே கோட்டில் நிற்கும். உள்ளே ஆழம் மட்டும் ஒரு முனையில் ஒன்றரை அடி, மறுமுனையில் நாலு விரற்கடை என்று இளைத்துக்கொண்டே போகும். ஆழமான தட்டில் அண்டாவும் தூக்குப்போசியும், நடுவில் புத்தகம், ஒல்லியான முனையில் சாவியும் கரண்ட் பில்லும். அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள், அறையின் கோணல் முழுவதும் உள்ளே இருக்கும்.

ஒப்புக்கொள்வதில் சிறந்தது, கோணல் சுவரை ஒட்டியே ஒரு திண்டு. செங்கல் கட்டி மேலே கடப்பாக் கல் போட்டால் போதும். சுவரும் இருக்கையும் ஒன்றாகிவிடுவதால் சந்துக்கு இடமே இல்லை. கேரளத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உட்காரும் இடத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுவது அவருக்குப் பிடித்தமான சிக்கனம்.

சுவரோடு சாமானைச் சேர்த்து நடுவைக் காலியாக விடும் வித்தை பெரிய கட்டடக்கலைஞர்களையும் ஈர்த்திருக்கிறது. சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியே, 1952-ல் பிரான்சின் தென்கடற்கரையில் தனக்கென்று கட்டிக்கொண்ட மரக்குடில் 3.66 மீட்டர் சதுரம். நம் கணக்கில் 12 அடிக்கு 12 அடி. கட்டில், மேசை, அலமாரி எல்லாம் சுவரோரமாக ஒரு சுழியில் போகும்படி வைத்தார். 2016-ல் அது யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சிலிண்டர் போகும் வழி

இனி நடையைப் பாருங்கள். தெருக்கதவிலிருந்து சமையலறைக்குக் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் எந்தக் காலையும் மிதிக்காமல், எந்த முனையிலும் இடிக்காமல் போக முடியுமா? இரண்டரை அடி இருந்தால் போகலாம். எதிரே ஒருவர் வந்தால் மூன்று அடி வேண்டும். அந்த நடை டிவிக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவே குறுக்கிட்டால் மறைக்குது, மறைக்குது என்று கத்தல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நம் மாதிரி அறையில் தெருக்கதவும் சமையலறைக் கதவும் இடது பக்கமே இருந்தால், இடது சுவரோரம் மூன்றடியை நடைக்கு விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வலது பக்கம் ஒதுக்கலாம். இடது சுவர் வெறுமையாகத் தெரியும். காலண்டர் ஒன்று தொங்கினால் அதிகம். அந்த வெறுமையைப் பார்த்து, இன்னும் ஒரு ஷோகேஸ் போடலாமே என்று யோசனை சொல்லாதீர்கள். அங்கே தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

யார் முகம் யாருக்குத் தெரிகிறது?

1950-களில் கனடாவின் சஸ்காட்செவன் மாநில மருத்துவமனை ஒன்றில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் முதியோர் கூடத்தைக் கவனித்தார். நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன, யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை. அதே நாற்காலிகளைச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போட்டதும் பேச்சு கூடியது. மேசையின் மூலையில், அடுத்தடுத்த பக்கங்களில் உட்காருகிறவர்கள்தான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள் என்பதும் அவர் கண்டது.

நம் ஹால்களில் இருக்கைகள் பெரும்பாலும் டிவியைப் பார்த்தே வரிசை கட்டுகின்றன. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதுபோல எல்லோரும் ஒரே திசையைப் பார்க்கிறோம். இங்கேதான் கோணல் சுவர் உதவிக்கு வருகிறது. தெருப்பக்கச் சுவரில் இருவர் உட்காரும் சோபா, கோணலான வலது சுவரில் திண்டு என்று வையுங்கள். மட்டமான அறையாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி. இங்கே சுமார் 81. சோபாவில் இருப்பவரும் திண்டில் இருப்பவரும் கழுத்தை அதிகம் திருப்பாமலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். மனை வாங்கும்போது குறையாகத் தெரிந்த அந்த ஒன்பது டிகிரி, பேச உட்காரும்போது லாபமாகிவிடுகிறது.

சின்ன அறைக்கு இயல்பிலேயே இன்னொரு வசதியும் உண்டு. மனிதர்களுக்கு இடையே விழும் தூரத்தை ஆராய்ந்த எட்வர்ட் ஹால், 1966-ல் வெளியான தன் நூலில், பழகியவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் தூரம் 4 அடியிலிருந்து 7 அடிவரை என்று கணக்கிட்டார். பெரிய பங்களாவின் வரவேற்பறையில் அந்த அளவைக் கொண்டுவர நாற்காலிகளை இழுத்துப் போட வேண்டும். 10 அடி ஹாலில் எங்கே உட்கார்ந்தாலும் அது தானாக அமைந்துவிடும்.

ஆடிக்காற்றும் விளக்கும்

மதுக்கரை பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் தடுக்கப்பட்டு, இந்த இடைவெளியில் ஒன்றாகக் குவிந்து மேற்கிலிருந்து வீசும். ஆனி, ஆடியில் கதவு தானாக அறையும், காலண்டர் சுவரில் தாளம் போடும். ஆகவே இங்கே மேற்கு ஜன்னல்தான் அறையின் முக்கியமான சாமான். அதற்கு முன்னால் பீரோ நிற்கிறதா என்று பாருங்கள். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம் உள்ள இரும்பு பீரோ ஒன்று போதும், வருஷத்தில் நாலு மாதக் காற்றை வெளியிலேயே நிறுத்திவிட. ஜன்னலுக்குக் கீழே திண்டு போல உயரம் குறைந்தது இருக்க வேண்டும், பீரோ ஜன்னல் தாண்டிப் பக்கத்தில் நிற்க வேண்டும். பீரோவின் ஆழமும் திண்டின் அகலமும் ஒன்றரை அடிச் சுமாராக அமைந்தால் இரண்டின் முகப்பும் ஒரே கோட்டில் வந்து, கண்ணுக்கு அறை அகலமாகத் தெரியும்.

பூஜைத் தட்டு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். விளக்கு அணையாமல் எரியும் இடத்தைக் கண்டுபிடித்தவர் அந்த அறையின் காற்றை முழுசாகப் படித்தவர். பெரும்பாலும் அது வேறு எதற்கும் உதவாத ஒடுங்கிய மூலையாக இருக்கும். நம் மாதிரி அறையில் சோபாவும் திண்டும் சந்திக்கும் 81 டிகிரி மூலை அப்படிப்பட்டது. வலது சுவர் மேற்கே இருந்தால் அதில் கிழக்கு பார்த்து சாமி படம், ஜன்னல் காற்று நேராகத் தொடாத நிழலில் விளக்கு.

ஒறம்பரை வரும் நாள்

ஒரு அறையை ஒரே நேரத்தில் பார்த்து மதிப்பிடக் கூடாது. நோம்பி நாளில், ஒறம்பரை பத்துப் பேர் வந்திருக்கும்போது பாருங்கள். நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் ஆசாரத்தில் கயிற்றுக் கட்டில் பகலில் சுவரில் சாய்ந்து நிற்கும், ராத்திரி படுக்கும். அந்த வேலையை இப்போது ஏற்றிருப்பது ஒற்றை வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் நாற்காலி. அந்த வகையில் உலகப் புகழ் பெற்ற ஒன்றை 1972-ல் பிரான்சின் ஆன்ரி மாசோனே உருவாக்கினார். அழகு குறைவு என்று அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக ஆறு நாற்காலி, நிற்பதற்கு இரண்டடி இடம். கனமான சோபா செட் இந்த வித்தையைச் செய்யாது. நாற்காலி அடுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது, டீப்பாய் எதற்கடியில் போகிறது, பந்திப் பாய் எந்த அட்டாலியிலிருந்து இறங்குகிறது என்று கவனித்தால், அந்த வீட்டின் இன்னொரு ஹாலையும் பார்த்தவர் ஆவீர்கள்.

என்ன கேட்பது?

எல்லாம் பார்த்தாயிற்று, பாராட்டாமல் வரக் கூடாது. “சோபா எங்க வாங்குனீங்க?” என்று கேட்டால் கடையின் பெயர் கிடைக்கும், அதோடு பேச்சு முடியும். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “ஏனுங்க்கா, இந்த பீரோ மொதல்ல எங்க இருந்துச்சுங்க?”

“ஜன்னலோரந்தானுங்க இருந்துச்சு. ஆடி மாசங்கூட வேர்த்துக் கொட்டுச்சுங்க, அப்பறந்தா இங்க தள்ளுனோம்” என்பது போல ஒரு பதில் வரும். தையல் மிஷின் ஏன் நடை ஓரம் வந்தது, டிவி எப்போது இடம் மாறியது, அப்புச்சிக்கு முட்டி வலி வந்தபின் எந்த நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் போனது என்று ஒவ்வொன்றாகத் தொடரும். நன்றாக அமைந்த சின்ன அறையில் ஒவ்வொரு சாமானுக்கும் அது நிற்கும் இடத்துக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களைக் கேட்டு வாங்குவதுதான் ரசனை.

யாராலும் காரணம் சொல்ல முடியாத சாமான் ஒன்று மிஞ்சும். பெரும்பாலும் அது கல்யாணச் சீரில் வந்து, யாரும் திறக்காத ஷோகேஸாக இருக்கும். விருந்தாளியாகப் போன வீட்டில் அதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். உங்கள் வீட்டில் அது எது என்று மட்டும் திரும்பி வந்து தேடுங்கள்.