ஆயிரம் ஆண்டு நல்லுறவும் 1915 என்ற எல்லையும்

2019 உயிர்த்த ஞாயிறன்று எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு, என் கை முதலில் தேடியது ஒரு வரலாற்று நூலைத்தான். பேராசிரியை லோனா தேவராஜா 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘இலங்கை முஸ்லிம்கள்: இன நல்லுறவின் ஆயிரம் ஆண்டுகள், 900–1915’. அதை வாசிக்கக் கொண்டுபோன பக்கத்து வீட்டுத் தம்பி திருப்பித் தரும்போது கேட்டார்: “நானா, புத்தகம் நல்லாத்தான் இரிக்கி. ஆனா 1915ல ஏன் நிப்பாட்டின?”

நியாயமான கேள்வி. தேவராஜா கண்டி அரசியலை நன்கறிந்தவர். 1972இல் வெளிவந்த அவருடைய கண்டி இராச்சிய ஆய்வு 1707 முதல் 1760 வரையானது. 1739இல் நாயக்க வம்சம் அரசேறியதும், 1760இல் பிரதானிகளும் பிக்குகள் சிலரும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கு எதிராகச் சதி செய்ததும் அந்தக் காலத்துக்குள்தான். அதிகாரப் போட்டியைக் கூர்ந்து பார்த்த கண் அது.

அதே கண் முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது நமக்குக் கிடைத்த பேறு. போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுக்கு 1626இல் செனரத் மன்னன் கிழக்கில் இடம் கொடுத்தது, மலைநாட்டுத் தவளப் போக்குவரத்து, அரச வைத்தியம் என்று நம் முன்னோரின் வாழ்வை நமக்கு வெளியே இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அந்நியர் என்ற பழிக்கு அது வலுவான பதில்.

குறை தலைப்பில் இருக்கிறது. கரையோரம் அந்நியர் கையில் இருந்தபோது கண்டிக்கு உப்பும் துணியும் வேண்டியிருந்தன. நமக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. அது பரஸ்பரத் தேவையில் வளர்ந்த உறவு. ‘நல்லுறவு’ என்ற ஒரு சொல் அந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது. தேவை மாறினால் உறவு என்னாகும் என்பதற்குக் கம்பளை வலஹாகொட தேவாலய வழக்கு சாட்சி. பள்ளிவாசலைக் கடக்கும் பெரஹராவில் மேளம் அடிக்கலாமா என்பதே பிரச்சினை. 1815 கண்டி ஒப்பந்தம் தந்த உரிமை என்று தேவாலயத் தரப்பு வாதிட்டது. 1914இல் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மே மாத இறுதியில் கண்டியில் கலவரம். சில்லறை வியாபாரப் போட்டியும் அதற்கு எண்ணெய் ஊற்றியது.

ஆகவே இந்நூலை நமது நன்னடத்தைச் சான்றிதழாகத் தூக்கிக் காட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. 1990 வடக்கிலிருந்து வெளியேற்றம், 2014 அளுத்கம, 2018 திகன ஆகியவை எழுதப்பட வேண்டும். 2019இல் நம் பெயர் தாங்கியோர் செய்த கொலைகளும் அதே நேர்மையோடு எழுதப்பட வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: “அவங்க 1915 வரைக்கும் எழுதித் தந்திருக்காங்க. மிச்சத்த நாங்கதானே எழுதணும்.”