பெட்டியில் அச்சடித்த காலம்

பிரிட்டனில் மாதிரி ரயில் வண்டி வாங்கப் போனால் பெட்டியின் ஓரத்தில் இப்போதெல்லாம் ஒரு எண் இருக்கிறது. 3 என்றால் 1923 முதல் 1947 வரை, நான்கு பெரிய கம்பெனிகள் கோலோச்சிய காலம். 4 என்றால் 1948 முதல் 1956 வரை, ரயில்வே அரசுடைமையான தொடக்க ஆண்டுகள். 5 என்றால் 1957 முதல் 1966 வரை, நீராவி எஞ்சின்களின் அந்திமக் காலம். ஒரே எண் உள்ள பெட்டிகளாகப் பார்த்து வாங்கி ஓட்டினால் காலப்பிசகு வராது என்று இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கில் இன்று புழங்கும் வாதங்களில் இதைவிடத் தவறானதை நான் பார்க்கவில்லை.

எண்ணால் பயன் இல்லாமல் இல்லை. பேரனுக்குப் பரிசு வாங்க வரும் தாத்தாவுக்கு அது வழிகாட்டும். விக்டோரியா காலத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் டீசல் எக்ஸ்பிரஸை நிறுத்தாமல் காப்பாற்றும். காலத்துல்லியத்தில் பிடிவாதமாக நின்றவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். 1950இல் தொடங்கிய வரலாற்று மாதிரி ரயில்வே சங்கம் போன்ற அமைப்புகள் சேர்த்து வைத்திராவிட்டால் எத்தனையோ வேகன்களின் வரைபடமும் வண்ணக் குறிப்பும் குப்பைக்குப் போயிருக்கும். பெரும்பாலோர் பயன்படுத்தும் 16.5 மி.மீ. தண்டவாளம், அளவுப்படி பார்த்தால் நிஜத்தைவிட 7 அங்குலம் குறுகல். அதையும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வீட்டில் இருக்கும் இடத்துக்கும் கையில் இருக்கும் காசுக்கும் ஏற்ற சமரசம் அது.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு காலம் என்பது அந்தக் காலத்தில் புதிதாக வந்த பொருள்களின் தொகுப்பு என்று இந்த எண்கள் நமக்குப் பழக்கிவிட்டன. எந்த ஆண்டை எடுத்தாலும் அதில் பெரும்பகுதி அதற்கு முந்தைய ஆண்டுகளின் மிச்சம்தான். 1975இல் எடுத்த ஒரு குடும்பப் படத்தில் 1975இல் வாங்கிய பொருள் எத்தனை இருக்கும்? தாத்தாவின் நாற்காலியும் பாட்டியின் பித்தளைக் குடமும் கல்யாணத்துக்கு வந்த பீரோவும்தானே இருக்கும்?

1948 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் ரயில்வே அரசின் கைக்கு வந்தது. அன்று காலை தண்டவாளத்தில் நின்ற எதுவும் மாறவில்லை. கைமாறிய வேகன்கள் 12 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவை நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்கும் கரி வியாபாரிகளுக்கும் சொந்தமாக இருந்தவை. 1939இல் போர் மூண்டதும் அரசு அவற்றைப் பொதுவில் எடுத்துக்கொண்டதால், எந்த ஊர் வேகன் எந்த ஊரில் கிடக்கும் என்ற ஒழுங்கே போய்விட்டது. அத்தனையையும் திரும்ப வண்ணம் பூச யாரிடம் பணம் இருந்தது, ஆள் இருந்தது?

1950வாக்கில் எடுத்த புகைப்படங்களில் அப்படிப்பட்ட ஒரு வேகனை உற்றுப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுப் பலகைகளில் பழைய முதலாளியின் பெயர் வெளிறிப்போய், பாதி ஊகித்துப் படிக்கும்படி இருக்கிறது. நடுவில் ஒரு பலகை உடைந்து புதுப் பலகை அடித்திருக்கிறார்கள். அதற்கு வண்ணமே இல்லை, ஆகவே ஒவ்வொரு எழுத்தும் இடுப்பில் அறுபட்டு நிற்கிறது. கீழ் மூலையில் மட்டும் சின்னதாக ஒரு கறுப்புத் திட்டு. அதன்மேல் வெள்ளையில் 'பி' என்று தொடங்கும் புது எண். அரசுடைமை அந்த வேகனில் விட்ட தடயம் அந்தக் கையகலக் கறுப்பு ஒன்றுதான். இதற்கு எந்த எண்ணைப் போடுவது, மூன்றா நான்கா? பெட்டி பார்த்து வாங்கியவரின் 1950இலோ புத்தம்புது சாம்பல் நிற இரும்பு வேகன்கள் வரிசையாகப் போகின்றன. வண்ணம் மங்காத வியாபாரி வேகன்கள் 3ஆம் எண் அலமாரியில் தனியாகப் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டுமே அந்த ஆண்டின் ரயில் கிடையாது.

நாள் குறித்து மாதிரி அமைப்பவர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைக்கிறார்கள். 1958 ஜூலை மாதத்துச் சனிக்கிழமை என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொரு எஞ்சினும் அன்று எந்த ஷெட்டில் இருந்தது, எப்போது வண்ணம் பூசினார்கள் என்று தேடுகிறார்கள். அரசு ரயில்வேக்கு 1956இல் வந்த சின்னத்தில் சிங்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் "இது அன்று இங்கே இருந்திருக்கலாமா?" என்ற ஒரே கேள்விதான். எது எவ்வளவு இருந்தது என்று கேட்பதே இல்லை. 1870களில் செய்த பியாட்டி டேங்க் எஞ்சின்கள் மூன்று, கார்ன்வாலின் வென்ஃபர்ட் பாதையில் 1962 வரை ஓடின. அது உண்மை என்பதாலேயே அந்த அபூர்வம் கண்காட்சி மேசைகளில் நட்சத்திரமாகிவிட்டது. ஊர் ஊராக உழைத்த அழுக்குப் பிடித்த சாதாரண கூட்ஸ் எஞ்சின்கள் ஓரத்தில் கூட இல்லை. ஒவ்வொரு பொருளும் தேர்வில் தேறுகிறது, சேர்த்துப் பார்த்தால் அப்படியொரு ஸ்டேஷன் எந்த நாளும் இருந்ததில்லை. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் கார்களைப் பாருங்கள், எல்லாம் அந்த ஆண்டு மாடல். போருக்குப் பிறகு பிரிட்டன் செய்த கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனது. உள்ளூர்ச் சாலைகளில் வெகுகாலம் ஓடியவை போருக்கு முந்தைய வண்டிகள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு வேலை செய்தவரின் பெயர் ராய் இங்கிலாந்து. 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இளைஞர். ஆக்ஸ்ஃபர்டுக்குத் தென்மேற்கே இருந்த கிராமங்களில் பழைய கூரை வீடுகள் கண்ணெதிரே உருமாறுவதைப் பார்த்து, போவதற்குள் அளந்து வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார். அவர் தொடங்கியது இன்று லாங் விட்டனமில் பெண்டன் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே இருக்கும் 1930களில் பல நூற்றாண்டுகள் வாழ்கின்றன. என்ன புதிதாக வந்தது என்று பார்க்காமல் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்த கண் அவருடையது. அவருக்குப் பிறகு அதே பொறுமையும் அதே கைத்திறனும் சிங்கத்தின் முகத்தைத் திருப்புவதில் செலவாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கண்காட்சிகளில் காலத்துல்லியத்துக்குப் பரிசு கொடுக்கும் நடுவர்கள் எண்களையும் சின்னங்களையும் சரிபார்ப்பதற்கு முன், இந்த மேசையில் குறித்த ஆண்டுக்கு முப்பது வருடம் முந்தைய பொருள் எத்தனை இருக்கிறது என்று கேட்கட்டும். எண்ணிச் சொல்ல முடியாதவருக்கு அந்தப் பரிசைக் கொடுக்க வேண்டாம்.