சுருளிப்பட்டியிலிருந்து ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் பார்த்தால்

லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் போன வாரம் மறுபடியும் பார்த்தேன். முதல் தடவை தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் சொக்கிப் போயிருந்தேன். இந்தத் தடவை ஒரே கேள்விதான்: ரங்கசாமியின் நிலம் எப்படிக் கையை விட்டுப் போச்சு?

கதை தெரிந்ததுதான். மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமக்கிற நிலமில்லாத மனுசன். ஒரு துண்டு நிலம் வாங்கணும், அவ்வளவுதான் ஆசை. வாங்குகிறான், இழக்கிறான், அந்த மண்ணிலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்கிறான்.

விவசாயத்தை விட்டவன் நகரத்துக்குப் போவான் என்பது நமக்குப் பழகிய கதை. கனடாவில் 1931இல் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பண்ணையில் வாழ்ந்தார். 2021இல் அறுபது பேருக்கு ஒருவர்தான். ரங்கசாமி எங்கேயும் பஸ் ஏறவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் அவன் இன்றைக்கும் கிராமத்தான்தான். ஊர் அப்படியே இருக்க, விவசாயி மட்டும் காணாமல் போகிறான். இதைப் பிடித்ததுதான் படத்தின் பெரிய பலம்.

குறை எங்கே? முதல் பாதியில் ஒரு மூட்டை மலையிறங்குவதை அவ்வளவு பொறுமையாகக் காட்டிய இயக்குநர், நிலம் போகிற கதையை அவசர அவசரமாகச் சொல்கிறார். கொலை, சிறை, உரக்கடன், காற்றாலை எல்லாம் கடைசியில் நெருக்கியடித்து வருகின்றன. சம்பாதித்தது கண்ணில் நிற்கிறது, இழந்தது நிற்கவில்லை.

சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டங்களில் நடப்பதோ நேர் எதிர். இங்கே நிலத்தைப் பறிக்கக் கொலையும் வேண்டாம், வில்லனும் வேண்டாம். கல்லூன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட்ட செலவு முதலில் நிற்கும். பிறகு மருந்தடிப்பு, கவாத்து, ஆள் கூலி. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். பன்னீர் திராட்சை பறித்தால் வைத்திருக்க முடியாது. அன்றைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோசம்தான். அது பெயரைக் காப்பாத்தும்; விலையைக் காப்பாத்தாது. ரெண்டு மூணு வருசம் இப்படிப் போனால், பந்தலைப் பிரிக்கலாமா என்ற பேச்சு வீட்டில் தானாகவே வரும். கம்பம் பள்ளத்தாக்கில் விடிகாலை ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து கேரள ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களும் இரவு ஊருக்குத்தான் திரும்புகிறார்கள்.

கடன் கொடுத்த வியாபாரியை மட்டும் கைகாட்டிவிட்டால், அந்த ஆள் இல்லாவிட்டால் நிலம் தப்பியிருக்கும் என்று நிம்மதியாக எழுந்து போகலாம். படம் அந்த நிம்மதியைத் தந்திருக்கக் கூடாது. மூட்டை சுமந்த நடைக்குத் தந்த நேரத்தில் பாதியைக் கடன் ஏறிய மாதங்களுக்குத் தந்திருந்தால், கடைசியில் காவலாளி உடுப்பில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பரிதாபம் மட்டும் வந்திருக்காது; பயமும் வந்திருக்கும்.