காப்பி அடிச்சதா சார்?

தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பதினோராம் வகுப்பு மாணவர்களோடு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்வந்தேன். ஆசிரியர் ஒருவர் பழக்கம். "ஓவியம் பத்தி எழுதறவர்தானே, கூட வாங்களேன்" என்றார். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் சிக்னல்களைத் தாண்டி அக்கரை வருவதற்குள் பசங்க பாதிப் பேர் தூங்கியாச்சு. அந்த மாதத் தலைப்பு 'ஸ்பானியக் கலை'. பஸ்ஸிலேயே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மொத்தம் பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது இது: 'ஸ்பானிய ஓவியர்களின் தாக்கம் தெரியும் மூன்று படைப்புகளின் பெயர்களை எழுதுக.'

மாட்ரிட் போக முடியாத பிள்ளைகளுக்கு, அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய ஒரு நவீன ஓவியக் கூடத்தைக் காட்ட நினைத்தது நல்ல யோசனைதான். கெடுத்தது அந்தத் தாள். உள்ளே நுழைந்ததும் படங்களைப் பார்க்கவில்லை. பெயர்ப் பலகைகளை போனில் படம் எடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் ஒரு படத்தின் முன் நின்றாள். "சார், இது பிக்காசோவைப் பாத்துக் காப்பி அடிச்சதா?"

ஆசிரியர் சொன்னார்: "காப்பின்னு எழுதாத. இன்ஸ்பிரேஷன்னு எழுதும்மா." அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. சென்னை ஓவியர்கள் மீது பல காலமாக வைக்கப்படும் குற்றச்சாட்டே அது. இந்தக் கிராமம் 1966ல் தொடங்கியது. முன்னின்றவர் கே.சி.எஸ். பணிக்கர், அப்போது சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர். பத்திக் போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசுதான் முதலீடு. மேற்கைப் பார்த்து வரைவதா, நம்முடையது என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதா என்பது அவரை வாட்டிய கேள்வி. அவருடைய ஐம்பதுகளின் படங்களில் வான்கோவும் கோகனும் தெரிகிறார்கள். ஒருவர் டச்சு, மற்றவர் பிரெஞ்சு. 'ஸ்பானியத் தாக்கம்' தேடச் சொன்ன கேள்வி முதல் படியிலேயே சறுக்குகிறது.

பிறகு 1963ல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை வருகிறது. அதற்குப் பொறியாக இருந்தது ஒரு மாணவரின் கணக்கு நோட்டு. எண்கள், எழுத்துகள், வடிவியல் கோடுகள் நெருங்கிக் கிடந்த பக்கம். கணக்குப் பீரியடுக்காக ஓவியப் பீரியடை விட்டுக்கொடுத்தே வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்லவேண்டிய கதை இதுதான். பதினான்கு கேள்விகளில் இதற்கு இடமில்லை.

சரி, பிக்காசோ? 1907ல் அவர் வரைந்த 'அவின்யோன் பெண்கள்' படத்தின் முகங்களில் பழைய ஐபீரியக் கற்சிலைகளும் ஆப்பிரிக்க முகமூடிகளும் இருக்கின்றன. இரண்டையும் அவர் பார்த்தது பாரிஸ் அருங்காட்சியகங்களில். நாம் மூலம் என்று நினைக்கிற ஆளே ஒரு அருங்காட்சியகப் பார்வையாளர்தான்.

இன்னொன்றும் உண்டு. 1895ல், 13 வயதில், அப்பாவோடு முதல்முறை பிராடோவுக்குள் போனார் பிக்காசோ. அங்கே வெலாஸ்க்வெஸ் 1656ல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' இருந்தது. எங்கள் தாளில் அதை தபால்தலை அளவுக்கு அச்சடித்திருந்தார்கள். நிஜத்தில் 3 மீட்டருக்கும் அதிக உயரம். 1957ல் அதே படத்தைத் திரும்பத் திரும்பக் கலைத்துப் போட்டு, அதையொட்டி 58 ஓவியங்கள் கொண்ட வரிசையை முடித்தார். பள்ளி வயதில் பார்த்ததற்குப் பதில் எழுத 62 வருடம். நாம் கொடுத்தது நாற்பத்தைந்து நிமிடம்.

இதனால் காப்பியே கிடையாது என்று சொல்லவரவில்லை. கடன் வாங்கி அப்படியே நின்றுபோன படங்கள் எல்லா ஊரிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. வாங்கியதை வைத்து என்ன செய்தார் என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லமுடியும். அதற்குப் படத்தின் முன் நிற்கவேண்டும்.

ஸ்பெயினோடு ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் உலோக வேலைப்பாடுகளிடம் போயிருக்கலாம். பார்சிலோனாவில் உலோக வேலைக் குடும்பத்தில் பிறந்த ஹூலியோ கொன்சாலெஸ், பாரிஸில் ஒரு கார் தொழிற்சாலையில் வெல்டிங் கற்றார்; பிறகு பிக்காசோவுக்கே இரும்புச் சிற்பம் செய்து உதவினார். இங்கே பி.வி. ஜானகிராம் தகட்டை அடித்து உருவம் எடுத்தார். அது கோயில் கவசம் செய்கிறவர்களுக்குப் பழகிய கைவேலை. நந்தகோபாலின் செம்பு, பித்தளை வெல்டிங் சிற்பங்கள், கருவறைச் சிலை மாதிரி, எதிரே நின்று பார்க்கவே செய்யப்பட்டவை. யார் யாரைப் பார்த்தார் என்பதை விட்டு, பட்டறைக் கைவேலை சிற்பமாக மாறிய இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் பேசியிருக்கலாம்.

திரும்பும்போது தாள்களை வாங்கி அடுக்கினேன். அந்தப் பெண்ணின் தாளில் பின்பக்கம் பென்சிலில் ஒரு முகம். "மார்க் குறைப்பாங்களா? அழிச்சிரட்டுமா சார்?" என்றாள். வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

அடுத்தது எழும்பூர் அருங்காட்சியகமாம். ஆசிரியரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: தாளின் இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கட்டும், ஒரே ஒரு சிலை முன்னால் அரை மணி நேரம் உட்காரவிடுங்கள். "பார்ப்போம் சார்" என்றிருக்கிறார். ஆசிரியராக இருந்து இதை வாசிக்கிறவர்கள் யாராவது எனக்கு முன்னால் செய்து பார்த்தால், என்ன ஆச்சு என்று எழுதுங்கள்.