ஆதாமின் கொப்பூழ்

ஆதாம் தாய் வயிற்றில் பிறந்தவன் அல்லன். எனின், அவனுக்குக் கொப்பூழ் இருந்திருக்குமா? நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வினாவை அடித்தளமாகக் கொண்டு, ஆங்கில இயற்கையியலறிஞர் பிலிப் ஹென்றி கோஸ் 1857இல் ஒரு நூல் எழுதினார். 'ஓம்ஃபலோஸ்' என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் அச்சொல் கொப்பூழைக் குறிக்கும். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவர அப்போது ஈராண்டுகள் இருந்தன.

கோஸ் அறிவியல் அறியாதவர் அல்லர். கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கலையை இங்கிலாந்தில் பரப்பியவர். இராயல் சொசைட்டியின் உறுப்பினர். பாறைகளில் நெடுங்காலத்தின் தடயங்கள் உள்ளன என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும், பிளிமத் சகோதரர் சபையினரான அவர் ஆறு நாள் படைப்பை எழுத்துக்கு எழுத்து நம்பினார். இரண்டையும் பொருத்த அவர் கண்ட வழி விந்தையானது. உயிர்வாழ்வு ஒரு வட்டம்: விதையிலிருந்து மரம், மரத்திலிருந்து விதை. வட்டத்தின் எப்புள்ளியில் படைப்பு நிகழினும், நிகழாத முற்காலத்தின் சுவடு அதில் பதிந்தே இருக்கும். படைத்த அன்றே மரத்துள் ஆண்டு வளையங்கள் இருக்கும். ஆதாமுக்குக் கொப்பூழ் இருக்கும். என்றுமே வாழ்ந்திராத விலங்குகளின் எலும்புகள் பாறையுள் இருக்கும்.

தருக்கத்தில் இதற்கு ஓட்டை காண்பது அரிது. அதுவே இதன் குறையும் ஆகும். எந்தப் புதைபடிவமும் இக்கொள்கையைப் பொய்ப்பிக்க இயலாது. ஆகவே எதுவும் அதனை மெய்ப்பிக்கவும் இயலாது.

கோசின் மகன் எட்மண்ட், 1907இல் வெளிவந்த 'தந்தையும் மகனும்' என்னும் நூலில் இத்தோல்வியை உருக்கமாகச் சித்திரிக்கிறார். அதனைப் படிப்போர், அறிவியலுக்கும் சமயத்துக்கும் நிகழ்ந்த போரில் தந்தை வீழ்ந்தார் என்று கொள்வது எளிது. அது முழு உண்மையன்று. 'ஓம்ஃபலோஸ்' மீது விழுந்த கடுமையான அடி, கோசின் நண்பரும் ஆங்கிலிக்கன் குருவானவருமான சார்லஸ் கிங்ஸ்லியிடமிருந்தே வந்தது. கடவுள் பாறைகளில் மாபெரும் பொய்யொன்றை எழுதிவைத்தார் எனத் தம்மால் நம்ப இயலாது என்றும், படைப்பைக் குறித்துத் தமக்கு முதன்முதலாக ஐயம் எழுப்பியது இந்நூலே என்றும் அவர் கடிதம் எழுதினார். இவ்வெதிர்ப்பு நம்பிக்கையின்மையில் பிறந்ததன்று; கடவுள் பொய்யார் என்ற நம்பிக்கையில் பிறந்தது. 1859இல் டார்வினின் நூலை அவர் வரவேற்றதும் இதனாலேயே.

அமெரிக்காவிலும் பிளவு இவ்வாறே சமயத்தவரிடையே விழுந்தது. பிரின்ஸ்டன் இறையியலாளர் சார்லஸ் ஹாட்ஜ் 1874இல் டார்வின் கொள்கை நாத்திகமே எனத் தீர்ப்பளித்தார். ஆறு நாள்கள் நீண்ட ஊழிகளாகலாம் என்பதை ஏற்றவரும் அவரே. அவரை உறுத்தியது காலக்கணக்கு அன்று, இறைத்திட்டம் மறுக்கப்படுவதே. ஹார்வர்டின் தாவரவியலாளர் ஆசா கிரே கிறித்தவராக இருந்துகொண்டே பரிணாமத்தை ஏற்று, அதனூடே இறைநோக்கம் செயற்படக் கூடும் என வாதிட்டார். ஆகவே 'கிறித்தவக் கருத்து' என்று ஒருமையில் எழுதுவோர் சற்றே தயங்குதல் நன்று.

கோஸ் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார்? 1857இன் தொடக்கத்தில் அவர்தம் மனைவி எமிலி புற்றுநோயால் இறந்தார். நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும் உயிர்த்தெழுதலின் வாக்குறுதியையும் அவர் ஒரே நூலின் ஒரே வகைச் சொற்களாகவே படித்தார். முன்னது தளர்ந்தால், எமிலியை மீண்டும் காணும் நம்பிக்கையும் அவருக்குத் தளர்ந்திருக்கும். கிங்ஸ்லிக்கு அவ்விரண்டும் அவ்வாறு பிணைந்திருக்கவில்லை.