பென்சில் சீவலில் ஒரு மீன்

மூன்றாம் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் சேர்ந்து ஒட்டிய குளம் ஏதாவது இருந்தால், கிட்டப் போய்ப் பாருங்கள். நான்கு சார்ட் அட்டைகளைப் பின்பக்கம் டேப் போட்டு இணைத்திருப்பார்கள். தண்ணீருக்கு வாட்டர் கலர், அலைக்கு நீல நூல், கரைக்குச் சலித்த மணல். மீனின் செதில்தான் அற்புதம்: பென்சில் சீவல். சீவலின் ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக மெல்லிய கோடு ஓடுமே, அதுவே ஒவ்வொரு செதிலுக்கும் விளிம்பு கட்டிவிடுகிறது. இப்படியொரு பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இப்படிப் பொருள்களை ஒட்டிப் படம் செய்வது பெரிய ஓவியர்களும் செய்ததுதான். 1912-இல் பிக்காசோ தன் ஓவியமொன்றில் மெழுகுத்துணியை ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றினார். கொலாஜ் என்னும் ஒட்டுப்படக் கலையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். ஆனால் பிக்காசோவுக்கு இல்லாத சிக்கல் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. ஒரே குளத்துக்குள் ஆறு பேர்! ஒருத்தி ஒட்டிய தாமரை இலைமேல் இன்னொருவன் கொக்கின் காலை ஒட்டிவிடுவான். கொஞ்ச நேரம் சண்டை. டீச்சர் திரும்புவதற்குள் சமாதானம்: கொக்கு இலைமேல்தான் நிற்கிறது, அது அப்படித்தான். படத்திலேயே உயிருள்ள இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஃபெவிகால் காயும்வரை கை சும்மா இருக்குமா? உள்ளங்கையில் காய்ந்ததைத் தோலாக உரித்து, ரேகை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வேலை அப்போது நடக்கும்.

அதிகாரி பார்வையிட வருகிறார் என்று ஆசிரியரே கத்தரித்து நேராக்கிய குளங்களும் உண்டு. அவற்றில் மீன்களெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். எனக்கு அவை பிடிப்பதில்லை.